பார்த்த தூரம் வரை

லண்டன்,
10 நவம்பர் 1996

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே குளிர் இறங்கிவிட்டது. மாலை வருவதற்கு முன்பே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அங்கே ஐப்பசி மழை பெய்ததா, கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்று எழுதுங்கள்.

முக்கியமான விஷயத்தைக் கடைசி வரியில் ஒளித்துவைப்பேன் என்று என்னைக் குறை சொல்வீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் எனக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்று எழுதுவீர்கள். அதைப் படிக்கத் தைரியம் இல்லை.

வேலை இதுதான். பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அதற்கு விதிகள் எழுதும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் குடலின் கடைசி வரை போய்ப் பார்க்கிறார். இன்னொருவர் பாதியில் திரும்பிவிடுகிறார். இரண்டு பேருமே ‘இயல்பாக உள்ளது’ என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்கள். நோயாளி இரண்டையும் ஒன்றாக நம்பி வீட்டுக்குப் போகிறார். ‘பார்த்தேன்’ என்று ஒரு டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் நாங்கள் எழுதப் பார்க்கிறோம்.

இன்னொரு சேதி, உங்களுக்குப் பிடிக்கும். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு பொறியாளர், விழுங்கக்கூடிய கேமரா ஒன்று செய்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் பெரிய மாத்திரை மாதிரி இருக்கிறது. அது தானே உள்ளே போய்ப் படம் எடுத்து வெளியே அனுப்புகிறது. இதுவரை பன்றிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். அத்தான், அது உடம்பு மாதிரியே இல்லை. கடலுக்கு அடியில் ரோஜா நிறத்தில் புல் முளைத்து, இல்லாத காற்றுக்கு ஆடுகிற மாதிரி இருந்தது. விளக்கு போகப் போக இருட்டு வழிவிட்டுக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஆனால் பெருங்குடலுக்கு வந்து சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. உள்ளே இருப்பது கடிகார பேட்டரிதான். பேட்டரி ஆராய்ச்சி உங்கள் வேலை. வழி ஏதாவது உண்டா?

இப்படிக்கு,
பெனிட்டா

*

மாதா துணை

காரைக்குடி,
2 டிசம்பர் 1996

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

‘உன் இஷ்டம்’ என்று எழுதப் போவதில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், “டாக்டரம்மா எப்ப வாராக?” என்று கேட்கிறார்கள். “ட்ரெய்னிங் முடியப் போகுது” என்று சொல்கிறேன். நீ போன நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அது இப்போது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. வாய் தானாகச் சொல்கிறது.

உன் பொறியாளரிடம் சொல். விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் எரிந்தால் போதும். இமை மாதிரி, திறந்து மூடினால் போதும். மூடியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரிக்கு ஓய்வு. ஒரு நொடிக்கு எத்தனை படம் வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும், மீதியை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஆய்வகத்தில் என் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வாரமாக இதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நம் இரண்டு பேர் வேலையும் ஒரு மாத்திரைக்குள் சந்திக்கும் என்று யார் நினைத்தது!

கனவிலும் இதுதான். இப்போதெல்லாம் மத்தியானம் மேசையிலேயே கண் செருகிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை வலையபட்டியில் பூட்டிக்கிடக்கும் பெரிய செட்டியார் வீடு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். கையில் என் விளக்கு. ஒரு கட்டு தாண்டினால் இன்னொரு கட்டு, அதைத் தாண்டினால் இன்னொன்று. தூண்கள் எல்லாம் மெதுவாக மூச்சு விட்டன. பயமே இல்லை, சுகமாக இருந்தது. சோமுதான் பக்கத்து மேசையிலிருந்து தட்டி எழுப்பினான்.

மற்றபடி சுகம்தான். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தை யாரோ ராத்திரியில் உயர்த்திக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, பாதியில் நின்றுதான் ஏற வேண்டியிருக்கிறது. வயசு ஐம்பதை எட்டப் போகிறதே. இன்னொரு கூத்து கேள். எனக்குப் பச்சரிசி மேல் ஆசை வந்திருக்கிறது. சோறு இல்லை, அரிசி. டப்பாவிலிருந்து அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டே இருக்கிறேன். சமைக்க வரும் ராக்காயி பார்த்துவிட்டு, “என்னய்யா, புள்ளத்தாச்சி மாதிரி அரிசியத் திங்கிறீக? டாக்டரம்மாவுக்கு எழுதிப் போட்ருவேன்” என்று மிரட்டுகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது என்ற தைரியத்தில் நானே எழுதிவிட்டேன்.

அன்புடன்,
மரியப்பன்

*

லண்டன்,
14 டிசம்பர் 1996

அத்தான்,

கிறிஸ்துமஸ் வாழ்த்தை அப்புறம் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கண்ணாடி முன்னால் போய் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கிறதா, வெளிறிப்போயிருக்கிறதா? ராக்காயியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அரிசி தின்னும் ஆசை சும்மா வராது. உடம்பில் இரும்புச் சத்து வடிந்துபோனால் வரும். பெண்களுக்கு அது வடிவதற்குக் காரணங்கள் உண்டு. உங்கள் வயது ஆணுக்கு வடிந்தால், உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேம்பாலத்தை யாரும் உயர்த்திக் கட்டவில்லை, அத்தான்.

ரத்தம் சோதியுங்கள். மலமும் சோதிக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். பயப்பட வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதினால் நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள்.

பெனிட்டா

*

மாதா துணை

காரைக்குடி,
27 ஜனவரி 1997

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

முதலில் நல்ல சேதி. ஒன்றுமில்லை. மதுரையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நகல் வைத்திருக்கிறேன், பார்.

நடந்ததைச் சொல்கிறேன். ரத்தம் இருக்க வேண்டிய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. இங்குள்ள டாக்டர், “மூலமாத்தான் இருக்கும்” என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தார். மலத்திலும் ரத்தம் இருப்பதாகச் சோதனையில் வரவும், நீ சொன்னதைச் சொல்லி அடம் பிடித்து மதுரைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கினேன். அங்கே ஒரு தனியார் கிளினிக். முதல் நாள் சாயந்திரத்திலிருந்து மருந்துத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னார்கள். வயிற்றில் இருப்பதெல்லாம் போய்த் தெளிந்த நீராக வர வேண்டுமாம். குடிக்கலாம், ஆனால் விடியற்காலையில் மதுரை பஸ் ஏற வேண்டுமே! துணைக்கு வந்த சோமு, “அண்ணே, திருப்பத்தூர்ல ஒரு தடவ, மேலூர்ல ஒரு தடவ பஸ்ஸ நிறுத்தச் சொன்னா கண்டக்டர் நம்மள எறக்கி விட்டுட்டுப் போயிருவான்” என்றான். பாதியோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அங்கே பெரிய கூட்டம். டாக்டர் நல்ல மனுஷன், கை மென்மை. எனக்குத் தெரியும் முன்பே முடிந்துவிட்டது. ‘பெருங்குடல் இயல்பாக உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது சோமு பஸ் ஸ்டாண்டில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு வெயில் நன்றாக இருந்தது. உன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டேன்.

அன்புடன்,
மரியப்பன்

*

லண்டன்,
9 பிப்ரவரி 1997

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தத் தாளை நான் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வரி. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். நகலுக்கு ஏது பின்பக்கம்.

குழாய் எதுவரை போனது என்று அதில் இல்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சிறுகுடல் வந்து சேரும் வாசல் ஒன்று உண்டு. குடல்வாலின் சின்னத் துவாரமும் அங்கேதான். அந்த இரண்டையும் பார்த்தால்தான் கடைசி வரை போனதாக அர்த்தம். அவற்றைப் பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. குடல் சுத்தமாக இருந்ததா என்று இல்லை. அதற்கு விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், தொட்டியில் ஊற்றியதாக. குழாயை வெளியே இழுக்கும்போதுதான் உண்மையில் பார்ப்பது. அதை எவ்வளவு நிதானமாகச் செய்தார் என்றும் தெரியவில்லை. கூட்டம் என்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும் முன்பே முடிந்தது என்கிறீர்கள்.

அந்த டாக்டர் பொய் எழுதவில்லை. பார்த்த தூரம் வரை ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தம் கசிகிறவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் போதாது. எங்கிருந்து கசிகிறது என்று தெரிய வேண்டும்.

சென்னைக்குப் போங்கள். முதல் நாளே போய் ஆஸ்பத்திரியில் தங்கி, முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, மறுபடி செய்துகொள்ளுங்கள்.

பெனிட்டா

*

காரைக்குடி,
22 பிப்ரவரி 1997

பெனிட்டாவுக்கு,

இரும்பு மாத்திரையில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது. அரிசி ஆசையும் குறைந்துவிட்டது. மதுரை டாக்டர் இல்லை என்கிறார். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு நீ இருக்கிறது என்கிறாய்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குடலின் வாசல் வரை இருக்கிறது. என் வாசல் வரை ஒரு வரி இல்லை. நான் எழுதும் கடிதங்களில் நீ நோயைத் தேடுகிறாய், உடனே கண்டுபிடிக்கவும் செய்கிறாய். கெட்டிக்காரிதான். இத்தனை வருஷமாக எழுதியவற்றில் என்னைத் தேடினாயா? ராத்திரிச் சாப்பாட்டை ஒரு ஆளுக்கு மட்டும் வைத்து மூடிவிட்டுப் போகிறாள் ராக்காயி. அதை நான் ஒரு நாளும் உனக்கு எழுதவில்லை. எழுதாததைப் படிக்கத் தெரிந்தவள் அதைப் படித்திருக்கலாமே.

எனக்குப் புற்றுநோய் என்றால் மறுநாளே விமானம் ஏறுவாய், தெரியும். எனக்கு ஒன்றுமில்லை என்றால் வருவாயா?

சென்னைக்குப் போக விருப்பமில்லை.

மரியப்பன்

*

லண்டன்,
4 மார்ச் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியது சரி. மறுக்க முடியவில்லை.

டாக்டராக எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். அதனால் எதையும் அந்தப் பாஷையிலேயே கேட்டுவிடுகிறேன். ‘குழாய் எதுவரை போனது’ என்று எழுதிய மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதை எழுதவில்லை. மற்றவர்களுடைய படங்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன், சாயந்திரம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிடுவேன். உங்கள் ஒற்றை வரித் தாளை மாட்டிவைக்க இடம் கிடைக்கவில்லை. தலையணைக்குக் கீழே இருக்கிறது.

நேற்று ஒரு கனவு. நம் வீட்டுக் கிணற்றடியில் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கூப்பிடுகிறேன். சத்தம் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி வருகிறது. நீங்கள் திரும்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் தோளைப் பார்த்தால் தெரிகிறது.

ஏப்ரலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சென்னையில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வருவேன். நீங்கள் போகாமலே இருந்தாலும் வருவேன். இது உங்களைப் போகவைப்பதற்காகச் சொல்வதல்ல.

ஆனால் போங்கள், அத்தான்.

உங்கள்
பெனிட்டா

*

மாதா துணை

சென்னை,
24 மார்ச் 1997

அன்புள்ள பெனிட்டா,

வெளியே வராண்டாவில் சோமு உனக்குப் போன் பண்ணுவதற்காக ஐ.எஸ்.டி. பூத் எப்போது திறக்கும் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ அவன் குரலைக் கேட்டுக் கிளம்பியிருப்பாய். இது பூட்டிய வீட்டுக்குத்தான் வந்து சேரும். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் என்னால் பேச முடியாது.

தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். உப்பும் இனிப்புமாக, கடலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. காலையில் ஊசி போட்டார்கள். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. பக்கத்தில் டிவி. அதில் நீ எழுதியிருந்தாயே, அந்த இடம். புல் இல்லை, ஆனால் ரோஜா நிறத்தில் நீளமான பாதை, வளையம் வளையமாக. அதில் நான் நடந்துகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே தரை இல்லை. சுவர்கள் என்னைத் தொட்டுத் தொட்டு வழிவிட்டன. ஒரு வளைவில் நீ வெள்ளைக் கோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாய். “பெனிட்டா” என்றேன். நீ நிமிராமல், “மெதுவா வாங்க, இன்னும் கடைசி வரல” என்றாய். நான் மெதுவாக நடந்தேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு எத்தனையோ வருஷமாக இல்லை.

பிறகு டாக்டர் யாரிடமோ, “இங்க நிறுத்துங்க” என்று சொன்னது கேட்டது.

நீ சொன்ன வாசலுக்குப் பக்கத்தில்தான், ஒரு மடிப்புக்குப் பின்னால். குடலைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லையாம். சதைத் துணுக்குச் சோதனை முடிவும் இன்று வந்துவிட்டது. அதுதான். வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். இவ்வளவை எடுத்துவிட்டு இதை இதோடு சேர்ப்போம் என்று, குழாய் ரிப்பேர் மாதிரிச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

உன்னிடம் இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை.

வா.

மரியப்பன்

*

லண்டன்,
15 ஜூன் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தால் காலடியில் கடிதக் குவியல். அதில் உங்கள் சென்னைக் கடிதம். பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் உங்கள் பக்கத்தில் இருந்தேன். தையல் எப்படி இருக்கிறது, கஞ்சி இறங்கியதா, காற்றுப் பிரிந்ததா, இதைத் தவிர நான் என்ன பேசினேன்? நீங்களும் ‘ம்’ என்பதைத் தவிர என்ன சொன்னீர்கள்? பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை என்று தெரிந்த அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதெல்லாம் ‘வா’ என்ற இந்த ஒற்றை வார்த்தை இங்கே பூட்டிய கதவுக்குப் பின்னால் எனக்காகக் கிடந்திருக்கிறது. படிக்காமலே வந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உங்கள் இமைக் கணக்கைப் பொறியாளர் செய்து பார்த்துவிட்டார். விளக்கு இப்போது இன்னும் வெகு தூரம் போகிறது. ஆனாலும் சில தடவை பெருங்குடலுக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. மாத்திரை போகிற போக்கில்தான் போகும், நாம் திருப்ப முடியாது. அதனால்தான் இதற்கும் இப்போதே விதி வேண்டும் என்கிறேன். குடல் சுத்தமாக இருந்ததா, விளக்கு அணைவதற்குள் முழுத் தூரமும் கடந்ததா, படத்தை ஓட்டிப் பார்த்தவர் அவசரப்பட்டாரா, இவற்றை எழுதாமல் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதக் கூடாது. எதைப் பார்க்க முடியவில்லை என்பதற்குத் தனியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று குழுவில் சொன்னேன். “நோயாளிகள் பயந்துவிடுவார்கள்” என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். “தெரியாமல் இருப்பதைவிடப் பயப்படட்டும்” என்றேன்.  கூட்டத்தில் நான் அப்படிப் பேசியதே இல்லை.

உங்கள்
பெனிட்டா

*

மாதா துணை

காரைக்குடி,
30 நவம்பர் 1997

என் பெனிட்டாவுக்கு,

மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறேன். பரணில் ஏற்றிவைத்திருந்த அரிசி டப்பாவை ராக்காயி இறக்கிவைத்துவிட்டாள், “இனி எட்டுற எடத்துல இருந்தாலும் நீக தொடமாட்டீக” என்று.

போன வாரம் மதுரைக்குப் போனேன், அந்த டாக்டரிடம். சோமு வேண்டாம் என்றான். “சண்டை போடவாண்ணே?” என்று கேட்டான். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. சென்னைத் தாள்களை அவர் மேசையில் வைத்தேன். படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நான் பாக்கலன்னு சொல்ல வந்தீகளா?” என்றார்.

“இல்ல டாக்டர். நீக பாத்தீக. பாக்காததத்தான் எழுதல.”

தாள்களை மடித்து என் பக்கம் நகர்த்தினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஒங்க குடல் சுத்தமா இல்ல. கடைசி வரைக்கும் போகவும் முடியல. ஞாபகம் இருக்கு. ‘முழுசாப் பாக்கல, திரும்ப வாங்க’ன்னு சொன்னா, பஸ் ஏறி வந்தவுக என்ன சொல்வாக தெரியுமா? ‘இவருக்குப் பாக்கத் தெரியல’ன்னு அடுத்த தெருவுக்குப் போயிருவாக. அங்க ஒருத்தர் ஒரு வரி எழுதிக் குடுத்துருவாரு. நானும் எழுதப் பழகிட்டேன்.”

நான் தொட்டியில் ஊற்றியதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அத நான் கேட்டிருக்கணும்” என்றார். நீ அன்று கேட்டவற்றைச் சொன்னேன். ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்தார், விடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பெனிட்டா. வரும் என்று நினைத்துத்தான் போனேன்.

இனி ஒன்று கேட்கிறேன். அந்த மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வந்தால் முதலில் நான் விழுங்குகிறேன். பாதி பேட்டரி என்னுடையதுதானே. என் வயிற்றுக்குள் என் விளக்கு போக, நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானத் தூக்கம் இல்லாமலே இப்படிக் கனவு வருகிறது.

உன்
மரியப்பன்

*

லண்டன்,
18 பிப்ரவரி 1998

அன்புள்ள அத்தானுக்கு,

மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அப்போதும் உங்களுக்குக் கொடுக்க முடியாது. குடலை வெட்டிச் சேர்த்தவர்களுக்கு அந்தத் தழும்பில் மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி. அதை எழுதியவள் நான்தான். எழுதும்போது உங்கள் முகம்தான் கண்ணில் நின்றது.

மதுரை டாக்டர் சொன்னதைக் குழுவில் மொழிபெயர்த்துச் சொன்னேன். கோபப்பட்ட பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்கும் அடுத்த தெரு உண்டு” என்றார். நான் கேட்ட அந்தத் தனி வரி விதியில் சேர்ந்துவிட்டது. எதுவரை பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். அச்சுக்குப் போய்விட்டது.

இப்போது இந்த வேலையை எனக்கு நிரந்தரமாகவே தருகிறோம் என்கிறார்கள். விதி எழுதியாயிற்று, இனி அதன்படி நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். தாள் என் மேசையில் இருக்கிறது. இந்த முறை கையெழுத்துப் போடவில்லை. உங்களைக் கேட்கிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அத்தான். அதை மறைத்துக் கேட்டால் கேட்டதாக ஆகாது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை, இருக்கின்றன.

‘உன் இஷ்டம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
பெனிட்டா

*

மாதா துணை

காரைக்குடி,
20 ஏப்ரல் 1998

என் பெனிட்டாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீ தவித்திருப்பாய். சொல்ல உறுதியாக ஒன்று கையில் கிடைக்காமல் எழுத மனமில்லை.

முதலில் வருஷப் பரிசோதனை. மதுரையிலேயே செய்துகொண்டேன், அவரிடமேதான். முதல் நாளே அங்கே தங்கினேன். தாளில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். எதுவரை போனார், சுத்தம் எப்படி, சேர்த்த இடம் எப்படி இருக்கிறது, எல்லாம். புதிதாக ஒன்றும் இல்லை. இந்த ‘இல்லை’யை நீ நம்பலாம். வெளியே ஒரு கிழவர் அவரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், “முழுசாப் பாக்கலன்னா எதுக்குய்யா என்னப் படுக்கப் போட்டீக?” என்று. டாக்டர் பொறுமையாக, “மறுபடி வாங்க, தண்ணியக் குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி உன் கேள்வி. கையெழுத்துப் போடு.

ஆய்வகத்தில் ஒரு வருஷ விடுப்புக் கேட்டேன். சம்பளம் கிடையாது, ஆனால் விடுப்பு உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. எதுவரை தெரிகிறதோ அதுவரை எழுதுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டேன். ‘அங்கே வந்து நான் என்ன செய்வது’ என்று இத்தனை நாள் வீம்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. ராக்காயி சொல்லிக்கொடுக்கிறாள். “ரெண்டு ஆளுக்கு ஒல வைக்கப் பழகுங்க” என்கிறாள்.

நேற்று விசாரணைக்குப் போலீஸ் ஏட்டு வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல வெயில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கேஸ் எதுவும் உண்டா, இல்லை. வாடகை வீடா, சொந்தமா, சொந்தம்.

“எதுக்கு சார் வெளிநாடு போறீக? வேலையா, படிப்பா?”

வாய் பழக்கத்தில் ட்ரெய்னிங் என்று தொடங்கப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

“என் வீட்டுக்காரி அங்குட்டு இருக்கா. அவகூட இருக்கப் போறேன்.”

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

“அம்புட்டுத்தானா சார் காரணம்?”

“அம்புட்டுத்தான்” என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

உன்
மரியப்பன்